இனாமாக வந்த பூட்டு

அக்காவுக்கு நன்றி சொல்லத் தெரியாது என்று எங்கள் நிலையத்தில் ஒரு கதை இருந்தது. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. யாராவது எதையாவது தந்தால் மற்றவர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து இரண்டு கையாலும் வாங்குவார்கள். அக்கா வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் எத்தனை திருகாணி, எந்தப் பக்கத்தால் திறக்கலாம், திறந்தால் திரும்ப மூடலாமா என்று பார்த்து முடித்த பிறகுதான் தந்தவரின் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் தந்தவரின் முகம் சுண்டிப் போயிருக்கும்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அஜின்கோர்ட் என்ற புறநகரில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், அகதிகளாக வந்து சேர்ந்த எங்கள் சனங்களுக்கு உதவும் நிலையம் ஒன்று இருந்தது. கீழே மீன்கடை. கோடையில் யன்னலைத் திறந்தால் மீன் நாற்றம், திறக்காவிட்டால் சனத்தின் வேர்வை. படிவம் நிரப்புவது, வழக்கறிஞரிடம் அனுப்புவது, கடிதம் வாசித்துச் சொல்வது எல்லாம் எங்கள் வேலை. நான் ஒருங்கிணைப்பாளர். அக்கா வாரத்தில் மூன்று நாள், தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து மத்தியானத்துக்குப் பிறகு வந்து பதிவுகளைப் பார்க்கும் தொண்டர். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயர் தனக்குத் தெரியாத இடத்தில் எழுதிக் கிடப்பது அவருக்குப் பிடிக்காது.

அவருடைய கைப்பைக்குள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். அதற்குள் கண்ணாடி இருக்காது; ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும். நிலையத்துத் தேநீர்க் கேத்தல் முதல் கதவு மணி வரை அதனால் ஒருமுறை திறந்து மூடப்பட்டவைதான். "உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரியாமல் எப்பிடிப் பாவிக்கிறது?" என்பார். தொழிற்சாலையில் கழித்துவிட்ட கொம்பியூட்டர் புத்தகங்களை பஸ்ஸில் வாசித்தே அந்த வேலையைப் படித்தவர் அவர். படிப்பித்தவர் ஒருவரும் இல்லை.

பக்கத்திலிருந்த மல்வேர்னில் அவர் வாடகைக்கு வீடு எடுத்தபோது கூடப் போனேன். கட்டடப் பொறுப்பாளர் நல்ல மனிதர். சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். அக்கா கையை நீட்டவில்லை. இந்தக் கதவுக்கு மொத்தம் எத்தனை திறப்பு, அவை யார் யாரிடம் இருக்கின்றன என்று ஆங்கிலத்தில், தனித்தனிச் சொல்லாக, நீதிமன்றத்தில் கேட்பதுபோலக் கேட்டார். நான்கு என்றார் அவர். நாலு பேரின் பெயரையும் எழுதி வாங்கி, கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் சாவி அக்காவின் பைக்குள் போனது. எனக்கு நிலத்துக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. லிப்ட்டில் இறங்கும்போது, "பாவம் அக்கா, அந்தாள் என்ன நினைக்கும்?" என்றேன்.

"என்னவும் நினைக்கட்டும். திறப்பு ஆரிட்டை எண்டு எனக்குத் தெரியவேணும்."

திறப்பு ஆரிட்டை? சாவி யாரிடம்? இதுதான் அவருடைய கேள்வி. இதை எங்கே கேட்கலாம், எங்கே கேட்கக்கூடாது என்ற இங்கிதம் அவருக்குக் கிடையாது. அப்படித்தான் அந்தப் பெரிய விழாவிலும் கேட்டார்.

அது ஒரு மென்பொருள் கொம்பனி எங்களுக்குத் தானம் செய்த விழா. கொம்பனியின் பெயர் வேண்டாம். ஐந்து கொம்பியூட்டர், ஒவ்வொன்றிலும் உதவி பெறுபவர்களின் விபரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். அதைக் கடையில் வாங்கினால் என்ன விலை என்பதைப் பெரிய மட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த மட்டையின் ஒரு பக்கத்தை எங்கள் தலைவர் பிடிக்க, மறு பக்கத்தைக் கொம்பனிக்காரர் பிடிக்க, படம் எடுத்தோம். கொம்பனியின் சின்னம் போட்ட கேக் வெட்டினோம். சுவரில் மாட்டச் சொல்லி அவர்களே ஒரு பித்தளைத் தகடும் தந்தார்கள். தானம் வாங்கியவர்கள் நாங்கள், நன்றிப் பலகை கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதிலுள்ள வேடிக்கை அன்று எனக்கு உறைக்கவில்லை.

எல்லாரும் கேக் தின்னும்போது அக்கா கொம்பியூட்டருக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார். எழும்பும்போது அவர் கையில் தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டை இருந்தது. பின்பக்கத்தில் செருகியிருந்ததாம். அதைக் கழற்றியதும் திரையில் மென்பொருள் நின்றுவிட்டது.

"உது என்ன?" என்று கொம்பனிக்காரரைக் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். அது பாதுகாப்புக்கு, அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும் என்றார் அவர். அதோடு வருடத்துக்கு ஒரு இலக்கம் வேண்டும், அதை நாங்கள் பக்ஸ் தொலைநகலில் அனுப்புவோம், கவலை வேண்டாம் என்றார்.

"அப்ப திறப்பு உங்களிட்டை."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அக்காவே ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்க, "உது தந்ததில்லை. இரவல்" என்றார். தலைவர் என்னை முறைத்தார். நான் அக்காவை முறைத்தேன். கொம்பனிக்காரர் சிரித்தபடி இன்னொரு துண்டு கேக் எடுத்தார்.

அந்த மென்பொருள் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்குக் காசு தரும் அரசாங்க அலுவலகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கும். எத்தனை பேர், எத்தனை குடும்பம், என்ன உதவி. முன்பெல்லாம் அதற்காக ஒரு கிழமை என் உயிர் போகும். இப்போது ஒரு விசையை அமத்தினால் அறிக்கை வந்து விழும். அந்த ஒரு விசைக்காக நான் எதையும் விற்றிருப்பேன். விற்றேன்.

முதல் வில்லங்கம் பெயரில் வந்தது. குடும்பங்களை அது கடைசிப் பெயரை வைத்துத்தான் சேர்க்கும். எங்கள் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? கணவனுக்கு அது அவருடைய தகப்பனின் பெயர், மனைவிக்குக் கணவனின் பெயர், பிள்ளைகளுக்குத் தகப்பனின் பெயர். ஒரு வீட்டில் படுத்து எழும்பும் ஐந்து பேர் அந்தத் திரையில் இரண்டு குடும்பமானார்கள். இது சிரிப்புக்குரிய பக்கம். மறுபக்கம், செல்வராசா என்ற பெயருள்ள கணவன்மாரின் மனைவிகள் எல்லாரும் ஒரே குடும்பமானார்கள். ஒருநாள் ஒரு பெண்ணின் வைத்திய விசயமாக நாங்கள் அனுப்பிய கடிதம் இன்னொரு செல்வராசா வீட்டுக்குப் போய், அங்கே பிரித்து வாசிக்கப்பட்டு, ஊரெல்லாம் பரவி, அந்தப் பெண் நிலையத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். ஏசவில்லை. "உங்களை நம்பித்தானே சொன்னனான்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த பதிப்பில் கவனிக்கப்படும் என்றார்கள். எப்போது? சொல்ல முடியாது. நாங்களே மாற்றலாமா? கூடவே கூடாது, உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது, வாசிக்கவில்லையா என்றார்கள். தானமாகப் பெற்றவர்களுக்கு உதவித் தொலைபேசி கிடையாது, இந்த இலக்கத்துக்கு இனிமேல் எடுக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். அக்கா ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உள்ளுக்கை விட்டால் அரை நாள் வேலை. ஆனா விடமாட்டினம். தாங்களும் செய்யமாட்டினம்."

இரண்டு மாதத்தின் பின் அவர் தன்னுடைய பழைய கொம்பியூட்டர் ஒன்றை, பிள்ளை வண்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றி, நிலையத்துக்குக் கொண்டுவந்தார். நூலகமொன்றின் கீழ்த்தள அறையில் மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் கூடுமாம். அங்கே ஒரு சீன மாணவி லினக்ஸ் என்ற, கொம்பியூட்டரையே ஓட்டும் மென்பொருள் ஒன்றை டிஸ்குகளில் பதிந்து கொடுத்தாளாம். அக்கா வழமைபோலத் திறப்பு யாரிடம் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெட்டை சிரித்தாளாம்.

"பூட்டே இல்லையாம். எழுதினது முழுக்க உள்ளுக்கையே கிடக்காம், வாசி எண்டவள். பிடிக்காட்டி மாத்து, மாத்தினதை மற்ற ஆக்களுக்கும் குடு எண்டவள். நான் அவளுக்கு ரண்டு தரம் தாங்ஸ் சொன்னனான்."

அந்த மெசினில் அக்கா தானே ஒரு பதிவேடு எழுதினார். அதில் கடைசிப் பெயர் என்ற கட்டமே இல்லை. சொந்தப் பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறகு யார் யாருக்கு என்ன முறை. மாமியார், பெறாமகள், மச்சான் எல்லாம் அதற்கு விளங்கும். முறையை வைத்து அது குடும்பத்தைக் கட்டும். தமிழ் எழுத்திலும் எழுதலாம். எவ்வளவும் எழுதலாம். கொம்பனி மென்பொருளில் ஆங்கிலம் மட்டும்தான். குறிப்பு எழுதும் பெட்டியும் சின்னது. நிறைந்ததும் பீப் என்று கத்தும். சொல்ல வந்தவர் அழுதுகொண்டிருப்பார், அது பீப் என்னும்.

நிர்வாகசபையில் அக்காவின் பதிவேட்டைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. எங்கள் தலைவர் கணக்காளர், எப்போதும் கழுத்தில் ரை கட்டியவர், சனத்துக்காக உழைத்தவர்தான். அவருக்கு உண்மையாகவே பயம்.

"ஊருலகத்துக்கே உள்ளுக்கை எப்பிடி வேலை செய்யுதெண்டு தெரியுமாம். அப்ப எங்கடை சனத்தின்ரை விசயமும் தெரிஞ்சிடாதோ?"

"புட்டு அவிக்கிற விதம் எல்லாருக்கும் தெரியும் அண்ணை," என்றார் அக்கா. "அதுக்காக உங்கடை நீத்துப்பெட்டியிலை ஆரும் வந்து கைவைக்கேலுமோ?"

சபையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஓசியில் வந்த பெரிய கொம்பனிச் சாமானை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஆட்கள் எழுதியதை நம்பவா என்று கேட்டார். கடைசியில் இரண்டும் இருக்கட்டும் என்று முடிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அக்கா கொம்பனி மென்பொருளின் பதிவுகளையும் தன் மெசினுக்குள் இழுத்து, எந்தக் கொம்பியூட்டரிலும் வாசிக்கக்கூடிய வெறும் எழுத்தாக்கி, தன் பதிவேட்டோடு சேர்த்து டிஸ்குகளில் சேமிப்பார். ஒவ்வொன்றிலும் நாள் எழுதி ஒட்டுவார். நான் அதைப் பைத்தியக்கார வேலை என்று நினைத்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் மல்வேர்னில் இருந்து, நாங்கள் மல்வேர்ன் அம்மா என்று சொல்லும் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அகதி விசாரணைக்கு அவருடைய கதையை எழுதவேண்டும். முன்பு யாரோ ஒருவர் படிவத்தில் இரண்டு வரியில் எழுதி முடித்திருந்தார். முழு வாக்குமூலமும் வழக்கறிஞருக்குத் தேவை. அந்த அம்மா நாலு தடவை வந்து இருந்து சொன்னார். இருபத்திரண்டு வயது மகனோடு பஸ்ஸில் போனது, சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தது, மகனை மட்டும் இறங்கச் சொன்னது. இறங்கும்போது மகன் திரும்பி நின்று ஒன்று சொன்னான். அதைச் சொல்ல அந்த அம்மாவுக்கு ஒரு முழு மத்தியானம் எடுத்தது. பிறகு அவனை யாரும் காணவில்லை.

நான் கொம்பனிக் கொம்பியூட்டரில் ஆங்கிலத்தில் பதிந்தேன். அக்கா மூலையில் தன் மெசினில், அந்த அம்மா சொல்லச் சொல்ல, அவருடைய சொல்லிலேயே தமிழில் பதிந்தார். மகன் சொன்ன இடத்தில் என் பெட்டி நிறைந்து பீப் என்றது. முன்னுக்கு எழுதியதில் கொஞ்சத்தை அழித்து, சுருக்கி, இடம் எடுத்துக்கொண்டு முடித்தேன். கடைசி நாள் எழும்பும்போது அந்த அம்மா, "இனி நான் உதைச் சொல்லத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டார். தேவையில்லை அம்மா, எல்லாம் பதிஞ்சாச்சு என்றேன். அச்சடிக்கவில்லை. தானம் வந்த பிறகு நாங்கள் காகிதத்தை ஒழித்துவிட்டோம் என்பது எங்கள் பெருமை. விசாரணைக்கு முன்பு வழக்கறிஞர் கேட்கும்போது அடித்துக் கொடுக்கலாம் என்று விட்டேன்.

மார்கழியில் கொம்பனிக்காரர் எட்டிப் பார்க்க வந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அக்காவின் திரையில் தங்களுடைய பதிவுகள் ஓடுவதைக் கண்டுவிட்டார். அடுத்த கிழமை தலைவருக்குக் கடிதம் வந்தது. தங்கள் மென்பொருளின் கோப்புகளை வேறு மென்பொருளால் திறப்பது ஒப்பந்த மீறல். அதை உடனே நிறுத்தி, எடுத்த பிரதிகளையும் அகற்றாவிட்டால் தானம் முழுவதும், கொம்பியூட்டர்கள் உட்படத் திருப்பி எடுக்கப்படும்.

எங்கள் சனத்தின் கண்ணீரை எங்கள் சனம் எழுதிய பதிவு. அதை நாங்கள் திறந்து பார்ப்பது மீறலாம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்று எனக்கு வயிறு எரியவில்லை. பயம்தான் வந்தது. தலைவர், "ஒராளின்ரை பிடிவாதத்துக்காக அஞ்சு கொம்பியூட்டரையும் இழக்கேலாது பிள்ளை" என்றார். அக்கா தன் மெசினிலுள்ள பதிவுகளை அழித்து, டிஸ்குகளை ஒப்படைக்கவேண்டும் என்று நானே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரை இனி வரவேண்டாம் என்பதையும் மரியாதையான வசனத்தில் எழுதியிருந்தேன். நன்றி என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது.

அவர் கடிதத்தை வாசித்தார். கவிழ்த்து, பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்து டிஸ்குகளை எடுத்து என் மேசையில் அடுக்கினார்.

"நாப்பத்துமூண்டு. எண்ணிப் பாரும். எண்ணிப்போட்டு எனக்கு ஒரு ரசீது எழுதித் தாரும்."

ரசீது கொடுத்தேன். அதன் பிறகு என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, தன் மெசினில் இருந்த பதிவுகள் முழுவதையும் அழித்தார். எனக்கே பொறுக்கவில்லை. "உங்களுக்கெண்டு ஒரு கொப்பி வைச்சிருந்தால் ஆருக்கக்கா தெரியப்போகுது?" என்று கேட்டேன்.

அன்றுதான் அவர் தன்னைப் பற்றி எனக்குச் சொன்ன ஒரேயொரு கதையைச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தாராம். நல்ல ஆட்கள், நேரத்துக்குச் சாப்பாடு. துலைச்சுப்போடுவாய் என்று அவருடைய கடதாசிகள் எல்லாவற்றையும் வாங்கித் தங்கள் லொக்கருக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஒரு வேலைக்குப் போகவேண்டுமென்றால் திறப்புக் கேட்கவேண்டும். இண்டைக்கு நேரமில்லை, நாளைக்கு எடுத்துத் தாறம். இப்படிப் பதினாலு மாதம். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதனால் ஏசவும் முடியவில்லை என்றார்.

"மற்ற ஆக்களின்ரை சாமான் என்ரை கையிலை பூட்டிக் கிடக்கக்கூடாது. உது அந்தச் சனத்தின்ரை. உங்களிட்டை வைச்சிருக்கத் தந்திருக்கிறன். வடிவா வைச்சிரும்."

பிள்ளை வண்டியில் மெசினை ஏற்றிக்கொண்டு, பனிக்குள் பஸ் தரிப்புக்குப் போனார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கிப் போய் ஒரு கை பிடித்திருக்கலாம்.

தை மாதம் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு டிஸ்க் வேண்டும் என்று கேட்டார்கள். கடையில் வாங்க நிலையத்தில் காசில்லை. பிரதிகளை அகற்றச் சொன்ன கொம்பனியின் கடிதமும் கிடந்தது. ஒரே கல்லில் இரண்டும் முடியும் என்று எனக்கு என் கெட்டித்தனத்தில் சந்தோசம். ஒவ்வொரு டிஸ்காகக் கொம்பியூட்டரில் போட்டு, உள்ளே இருந்ததைத் துடைத்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்றைத் துடைக்கவா என்று திரை கேட்கும். ஓம் என்று அமத்தி அடுத்ததைப் போடுவேன். அக்காவின் கையெழுத்தில் ஒட்டியிருந்த நாட்களை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

மாசியில் கொம்பனி புதிய பதிப்பு அனுப்பியது. கடைசிப் பெயரைத் திருத்தியிருப்பார்கள் என்று ஆசையாகப் போட்டோம். அது அப்படியே இருந்தது. கோப்புகளை வேறு எவரும் வாசிக்க முடியாதபடி குழப்பி எழுதும் புதிய பாதுகாப்பு மட்டும் சேர்ந்திருந்தது. சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து திரையிலும் ஒரே வசனம்: வருட இலக்கத்தைப் பதியவும். பக்ஸ் மெசினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் வந்திருக்கவில்லை.

மல்வேர்ன் அம்மாவின் விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது.

கொம்பனிக்கு எடுத்தேன். அந்தக் கொம்பனியை இன்னொரு கொம்பனி வாங்கிவிட்டதாம். தானத் திட்டம் மூடப்பட்டுவிட்டதாம். வேண்டுமானால் வாடிக்கையாளராகச் சேரலாம் என்று அவர்கள் சொன்ன தொகை எங்கள் நிலையத்தின் வாடகையைவிடக் கூட. ஒரேயொரு பதிவு, ஒரேயொரு தாயின் வாக்குமூலம், அதை மட்டும் அச்சடிக்க ஒரு நாளைக்குத் திறந்து விடுங்கள் என்று கெஞ்சினேன். மறுபக்கத்தில் ஒரு பெண், மிக அன்பான குரலில், "உங்கள் தகவல் முழுக்க முழுக்க உங்களுடையதுதான், அம்மணி. மென்பொருள்தான் எங்களுடையது" என்றாள்.

ரிசீவரைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. அக்காவுக்கு எடுத்தேன். நான்கு மாதமாகக் கதைக்காதவள், என்ன முகத்தோடு எடுக்கிறேன் என்றுகூட யோசிக்கவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலை உடுப்போடேயே வந்தார். நான் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ரை டிஸ்க் எங்கை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாம்பல் நிறக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். மத்தியானம் முழுக்கப் பாடுபட்டார். அவருடைய பழைய வழியால் கோப்புகளைத் திறந்தால், புதிய பதிப்புக் குழப்பிவிட்ட குப்பைதான் திரையில் ஓடியது.

"இப்போதைக்கு ஏலாது. அந்த மனிசியைக் கூப்பிடும்."

மல்வேர்ன் அம்மா வந்தார். மறுபடியும் சொல்லவேண்டும் என்று நான் சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை.

"அண்டைக்குச் சொன்னனான்தானே பிள்ளை. நீர் எழுதினீர்தானே. அதை வாசிச்சுக் காட்டும், நான் ஓம் எண்டு சொல்லுறன்."

"அது உதுக்கைதான் அம்மா கிடக்கு. எங்களாலை திறக்க ஏலாமல் கிடக்கு."

"ஏன்? ஆர் பூட்டினது?"

நான் தலையைத் திருப்பினேன். சுவரில் பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. அக்கா தன் மெசினைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, கதிரையை இழுத்துக்கொண்டு, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் மறுபடியும் சொன்னார். பஸ், சாவடி, மகன் இறங்கினது. அந்த இடம் வந்ததும் நின்றார்.

"இறங்கேக்கை திரும்பி ஒண்டு சொன்னவன். அண்டைக்கு உங்களுக்குச் சொல்லேக்கை சரியா வந்தது. இப்ப ரண்டு மூண்டு விதமா வருது. நான் அண்டைக்கு என்னண்டு சொன்னனான், பிள்ளை?"

எனக்கு நினைவில்லை. பதிகிறதுதானே என்று நான் மனதில் வைக்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். கேட்டு எழுதியவர் அவர். அவருக்கு ஏதாவது நினைவிருக்கும். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் நினைச்சுச் சொன்னால் அது என்ரை சொல்லாப் போயிடும் அம்மா. அவன்ரை சொல் உந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கும். எண்டைக்காவது திறந்து தாறன்."

மூன்று பிரதி அச்சடித்தார். ஒன்று வழக்கறிஞருக்கு, ஒன்று நிலையத்துக்கு, ஒன்றை டிஸ்கோடு சேர்த்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். விசாரணையில் அந்த அம்மாவை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு நாங்கள் ஒருவரும் பெருமைப்படவில்லை. தலைவர் எங்கோ ஒரு கூட்டத்தில், தானமாக வந்ததில் குறை சொல்லக்கூடாது, அவர்களும் பாவம் என்று பேசியதைக் கேட்டு எழும்பி வெளியே வந்தேன். அந்தத் தகட்டை அடுத்த நாளே கழற்றினேன். அதற்கும் அக்காவின் ஸ்குரூ டிரைவர்தான் வேண்டியிருந்தது.

என் கொம்பியூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அக்கா கழற்றினார். சபைக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, எனக்கும் ஒரு ரசீது தந்துவிட்டு எடுத்துப் போனார். அவர் தன் கையில் மற்றவர்களின் சாமானை வைத்திருந்தது அந்த ஒரு தடவைதான். ஒவ்வொரு மாதமும் மல்வேர்ன் அம்மா அவருக்கு எடுப்பார். திறந்ததோ? இல்லை அம்மா. நூலகக் கூட்டத்து ஆட்கள், அவர்களுக்குத் தெரிந்த வேறு நாட்டு ஆட்கள், முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்தக் குழப்பத்தை அவிழ்க்க உதவினார்களாம். ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை. அந்தத் தாயின் கதையைக் கேட்டுத்தான் செய்தார்களாம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எடுத்தார். "திறந்திட்டன். வாரும்."

அவருடைய சமையலறை மேசையில் மெசின் இருந்தது. கோப்பு இலக்கம், நாள், பதிந்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதலெழுத்துக்கள். அந்த அம்மா பக்கத்து வீதியில் அதே கேள்வியோடு காத்திருக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். நான் கீழே கீழே வாசித்துக்கொண்டு போனேன். பஸ். சாவடி. அந்த இடம். ஆங்கிலத்தில், என் சொல்லில், இப்படித்தான் இருந்தது: "மகன் இறங்கினார். விண்ணப்பதாரருக்கு ஆறுதல் கூறினார். அதன்பின் காணப்படவில்லை."

அவ்வளவுதான். பெட்டி நிறைந்து பீப் என்ற மத்தியானம். இரண்டு வருடம் எத்தனையோ பேர் கண்விழித்துத் திறந்த பூட்டுக்குள் இருந்தது என்னுடைய சுருக்கம்.

அக்கா வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"உம்மடை எழுத்தோ?"

"ஓம் அக்கா."

"என்ரை டிஸ்கிலை முழுசா இருந்தது." அவர் என்னைக் குற்றம் சொன்னது என்றால், இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான். பிறகு மெசினை நிறுத்தினார். "அவவுக்கு நீர்தான் போய்ச் சொல்லவேணும். நான் வரேல்லை."

அந்தக் கொம்பனி மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். பூட்டைத் தந்துவிட்டுத் தானம் என்று படம் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அன்று மல்வேர்ன் அம்மாவின் வீட்டை நோக்கி நடந்தபோது எனக்கு அவர்களின் ஞாபகம் வரவில்லை. தை மாதத்துத் திரைதான் வந்தது. இன்னொன்றைத் துடைக்கவா என்று அது ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டது. நாற்பத்திரண்டு தடவை ஓம் என்று அமத்தினேன். டிஸ்க் முடிந்துபோனபடியால்தான் கடைசியில் இல்லை என்று அமத்தினேன்.